ஊர் வக்கீல், ஒற்றைத் தவணை: சபை உறுப்பினர் லிங்கனைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரக்குடிசையில் பிறந்தார், அடிமைத்தளையை அறுத்தார், சுடப்பட்டு இறந்தார் என்று மூன்று வரியில் பள்ளிப் பாடம் ஆபிரகாம் லிங்கனை முடித்துவிடும். நடுவே கால் நூற்றாண்டுக்கு நெருக்கமாக அவர் வக்கீலாகப் பிழைத்தார். 1847 முதல் 1849 வரை ஒரே ஒரு தவணை அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் உட்கார்ந்தார். அந்த இரண்டு வருடங்களைப் பற்றியே இங்கே பேச்சு. தொழிலைச் சொல்லாமல் சபையைச் சொல்ல வழியில்லை. அங்கே போயும் அவர் வக்கீலாகத்தான் பேசினார் என்பது என் கட்சி.

அவர் சட்டம் எங்கே படித்தார்?

எங்கும் இல்லை. பள்ளிக்கூடத்தில் கழித்த நாட்களையெல்லாம் கூட்டினாலும் ஒரு வருடம் தேறாது. பின்னாளில் அவரே அப்படி எழுதிக்கொடுத்தார். இல்லினாய் மாநிலத்தின் நியூ சேலம் என்ற சிற்றூரில் கூட்டாகக் கடை வைத்து நொடித்துப்போனார். அந்தக் கடனுக்கு அவர் வைத்த பெயர் ‘தேசியக் கடன்’. அடைத்து முடிக்கப் பல வருடங்கள் ஆயின. போஸ்ட்மாஸ்டராக இருந்தார், நிலம் அளந்தார், 1832-ல் மாநிலச் சட்டமன்றத்துக்கு நின்று தோற்றார், 1834-ல் ஜெயித்தார். ஜான் டாட் ஸ்டூவர்ட் என்ற வக்கீலும் அதே மன்றத்தில் உறுப்பினர். அவர் இரவல் கொடுத்த புத்தகங்களை வைத்துத்தான் லிங்கன் தானாகச் சட்டம் படித்தார். சட்டம் இயற்றும் இடத்துக்குப் போன பிறகு சட்டம் படிக்கத் தொடங்கியவர் என்று சொன்னால் தப்பில்லை.

1836 செப்டம்பரில் உரிமம் கிடைத்தது. 1837 ஏப்ரலில், இரவல் குதிரையில், இரண்டு சேணப்பைகளோடு ஸ்பிரிங்ஃபீல்டு வந்து சேர்ந்தார். ஜோஷுவா ஸ்பீடு என்பவரின் கடையில் ஒற்றைப் படுக்கைக்கான சாமான்களுக்கு விலை கேட்டார். 17 டாலர் என்றார் ஸ்பீடு. அவ்வளவு பணம் கையில் இல்லை, கிறிஸ்துமஸ் வரை கடன் கொடுங்கள், வக்கீல் தொழில் கைகொடுத்தால் தருகிறேன், கைகொடுக்காவிட்டால் எப்போது தருவேன் என்று தெரியாது என்றாராம் லிங்கன். அந்த முகத்தைப் பார்த்து இரங்கிய ஸ்பீடு, மாடியில் தன்னுடைய பெரிய கட்டிலில் பாதியைத் தந்தார். லிங்கன் மேலே போய்ப் பைகளை வைத்துவிட்டுக் கீழே வந்து, குடிவந்தாயிற்று என்றார். பிற்காலத்தில் ஸ்பீடு இதைப் பலரிடம் சொல்லி மகிழ்ந்தார்.

எப்படிப்பட்ட வழக்குகள் நடத்தினார்?

கொலை வழக்கில் நிலவொளியைப் பற்றிச் சாட்சி சொன்னதைப் பஞ்சாங்கத்தைக் காட்டி உடைத்த கதையைத்தான் எல்லோரும் கேட்பார்கள். அது 1858-ல் நடந்தது, உண்மைதான். ஆனால் அவர் கூட்டாளிகளோடு சேர்ந்து நடத்தியதாகப் பதிவாகியுள்ள ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வழக்குகளில் பெரும்பங்கு கடன் வழக்குகள். புரோநோட்டு, பாக்கி, செத்த மாடு, வேலித் தகராறு, அவதூறு.

வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் எட்டாவது நீதிச் சுற்று கிளம்பும். நீதிபதி ஒரு மாவட்டத் தலைநகரிலிருந்து அடுத்ததற்குப் போவார்; வக்கீல்கள் குதிரையிலும் வண்டியிலும் பின்தொடர்வார்கள். சத்திரத்தில் இரண்டு பேருக்கு ஒரு கட்டில். நீதிபதி டேவிட் டேவிஸுக்கு மட்டும் தனிக் கட்டில், மரியாதையைவிட உடல் பருமன் அதற்குக் காரணம். ஊருக்குள் நுழைந்ததும் உள்ளூர் வக்கீல்கள் கட்சிக்காரர்களை அழைத்து வருவார்கள். காலையில் கேட்ட பிராதுக்கு மத்தியானம் வாதம். முன்தயாரிப்புக்கு நேரம் ஏது? சாட்சியின் வாயிலிருந்தே வழக்கைக் கட்ட வேண்டும். இந்தப் பயிற்சி பின்னால் எங்கே வெளிப்பட்டது என்பதைக் கீழே பார்ப்போம்.

அவருடைய அலுவலகம் தலைமேல் இருந்தது. உயரமான தொப்பிக்குள் கடிதங்கள், குறிப்புகள், வங்கிக் கணக்குப் புத்தகம்கூட. ஒருமுறை பதில் எழுதத் தாமதமானதற்கு, புதுத் தொப்பி வாங்கினேன், பழைய தொப்பிக்குள் உங்கள் கடிதம் தங்கிவிட்டது என்று சக வக்கீலுக்கு எழுதினார். ஸ்பிரிங்ஃபீல்டு அறையில் ஒரு காகிதக் கட்டின்மேல், வேறெங்கும் கிடைக்காவிட்டால் இதில் தேடவும் என்ற பொருளில் எழுதி வைத்திருந்தார் என்று கூட்டாளி வில்லியம் ஹெர்ண்டன் நினைவுகூர்கிறார். ஒழுங்கான குமாஸ்தா ஒருவர் இருந்திருந்தால் அந்தத் தொப்பியைப் பார்த்தே ராஜினாமா செய்திருப்பார்.

கட்டணம் எவ்வளவு வாங்கினார்?

சாதாரண வழக்குக்கு ஐந்து முதல் பத்து டாலர். ஹெர்ண்டனோடு சரிபாதி. 1856-ல் ஒரு கட்சிக்காரர் 25 டாலர் அனுப்பியபோது, பதினைந்து போதும் என்று பத்தைத் திருப்பியனுப்பினார். அதற்காக அவரை ஏழைப்பங்காள வக்கீல் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். ரயில் கம்பெனிக்காக ஒரு வரி வழக்கை ஜெயித்துக்கொடுத்து 5,000 டாலர் கேட்டார். கம்பெனி தர மறுத்தபோது அதன்மேலேயே வழக்குப் போட்டு வசூலித்தார்.

அடிமைகளின் உரிமையாளருக்காக வாதாடினார் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. அதுவும் சபைக்குக் கிளம்புவதற்குச் சில நாட்களுக்கு முன்னால்.

கென்டக்கியைச் சேர்ந்த ராபர்ட் மேட்சன் என்பவருக்கு இல்லினாயில் ஒரு பண்ணை இருந்தது. ஒவ்வொரு வருடமும் அடிமைகளை அழைத்துவந்து வேலை வாங்கி, பருவம் முடிந்ததும் திருப்பி அனுப்பிவிடுவார். இல்லினாயில் அடிமைமுறை கூடாது. ஆனால் ‘தற்காலிகமாக’ வந்து போகிறவர்கள் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தார். பண்ணையைக் கவனித்த அந்தோணி பிரையன்ட் சுதந்திர மனிதர்; அவர் மனைவி ஜேனும் பிள்ளைகளும் மேட்சனின் உடைமை. தெற்கே விற்றுவிடுவார்கள் என்ற பயம் வந்ததும், ஜேன் பிள்ளைகளோடு ஓடிப்போய் அடிமை எதிர்ப்பாளர்களிடம் அடைக்கலம் புகுந்தார். மேட்சன் நீதிமன்றம் போனார். 1847 அக்டோபரில், சார்ல்ஸ்டன் ஊரில், மேட்சன் தரப்பில் நின்ற வக்கீல்களில் லிங்கனும் ஒருவர்.

தோற்றார். ஜேனும் பிள்ளைகளும் விடுதலையானார்கள்.

மனமில்லாமல் வாதாடினார், வேண்டுமென்றே பலவீனமாகப் பேசினார் என்று அன்பர்கள் சிலர் பிற்காலத்தில் சமாதானம் சொன்னார்கள். எனக்கு அந்தச் சமாதானம் பிடிக்கவில்லை. அது உண்மையானால் கட்சிக்காரருக்குத் துரோகம் செய்த வக்கீல் ஆகிறார். பொய்யானால் ஒரு தாயையும் பிள்ளைகளையும் அடிமைத்தனத்துக்குத் திருப்பியனுப்பப் பாடுபட்டவர் ஆகிறார். இரண்டில் எதுவும் சிலைக்குப் பொருந்தாது. முதலில் வந்தவர் பிராதை எடுத்துக்கொள்வது சுற்று வக்கீலின் வழக்கம், அவர் அதைச் செய்தார் என்பதே என் வாசிப்பு.

இதே மனிதர் 1841-ல் இல்லினாய் உச்ச நீதிமன்றத்தில் நான்ஸ் என்ற பெண் தொடர்பான வழக்கை ஜெயித்தவர். அதுவும் ஒரு புரோநோட்டு வழக்குத்தான். நான்ஸை ‘வாங்கிய’வர் பணத்துக்கு நோட்டு எழுதிக்கொடுத்திருந்தார். சுதந்திர மண்ணில் ஒவ்வொருவரும் சுதந்திரமானவர் என்றே கொள்ள வேண்டும், அடிமை என்று நிரூபிக்காதவரை விற்பனை செல்லாது, விற்பனை செல்லாதபோது நோட்டும் செல்லாது என்று தீர்ப்பாயிற்று.

சபைக்கு எப்படித் தேர்வானார்?

முறை வைத்து. அந்தத் தொகுதி லிங்கனின் விக் கட்சிக்குப் பாதுகாப்பானது. ஆசைப்பட்டவர்கள் மூன்று பேர். முதலில் ஜான் ஹார்டின், பிறகு எட்வர்ட் பேக்கர், அப்புறம் லிங்கன் என்று ஆளுக்கு ஒரு தவணையாக ஓடியது. ஹார்டின் மறுபடி ஆசைப்பட்டபோது, முறை என்றால் முறைதான் என்று கடிதம் கடிதமாக எழுதித் தன் இடத்தைக் காப்பாற்றிக்கொண்டார் லிங்கன்.

எதிர்த்து நின்றவர் பீட்டர் கார்ட்ரைட், ஊர் ஊராகப் பிரசங்கம் செய்த மெதடிஸ்ட் போதகர். லிங்கன் நாத்திகர் என்ற பேச்சு கிளம்பியது. தான் எந்தத் திருச்சபையிலும் உறுப்பினர் இல்லை, ஆனால் வேதத்தை ஒருபோதும் மறுத்ததில்லை என்று துண்டறிக்கை வெளியிட்டார். எதை ஒப்புக்கொள்வது, எதை மறுப்பது, எதைத் தொடாமல் விடுவது என்று நிறுத்துப் போட்ட எதிர்வாதம் அது. 1846 ஆகஸ்ட் தேர்தலில் அவருக்கு 6,340 வாக்குகள், கார்ட்ரைட்டுக்கு 4,829. அக்டோபரில் ஸ்பீடுக்கு எழுதிய கடிதத்தில், எதிர்பார்த்த அளவு சந்தோஷம் வரவில்லை என்றார். சபை கூடியதோ 1847 டிசம்பரில். ஜெயித்து ஒன்றேகால் வருடத்துக்கு மேல் பழைய புரோநோட்டுகளோடு காத்திருந்தார்.

வாஷிங்டனில் எங்கே தங்கினார்?

சபைக் கட்டடத்துக்கு எதிர்வரிசையில் ஸ்பிரிக் என்ற விதவை நடத்திய உணவு விடுதியில். அடிமை எதிர்ப்பு உறுப்பினர்கள் பலர் தங்கியதால் அதற்கு ‘ஒழிப்பு விடுதி’ என்று பட்டப்பெயர். சாப்பாட்டு மேஜையில் விவாதம் சூடேறினால் லிங்கன் கத்தியையும் முள்கரண்டியையும் கீழே வைப்பார், முழங்கைகளை மேஜையில் ஊன்றி முகத்தை உள்ளங்கைகளில் தாங்குவார், ‘அது எனக்கு ஒன்றை நினைவூட்டுகிறது’ என்று ஆரம்பிப்பார். சண்டை போட்டவர்கள் சிரித்துவிட்டுச் சாப்பிடுவார்கள். உடன் தங்கியிருந்த இளம் மருத்துவர் ஒருவரின் நினைவு இது.

மனைவி மேரியும் இரண்டு சிறு பிள்ளைகளும் கூட வந்தார்கள். ஒற்றை அறை, சில மாதங்களில் மேரி பிள்ளைகளோடு கென்டக்கியிலிருந்த தகப்பனார் வீட்டுக்குப் போய்விட்டார்.

1848 ஜனவரியில் அதே விடுதியின் கறுப்பினப் பணியாளர் ஒருவரை அடிமை வியாபாரிகள் பிடித்துப்போனார்கள். அவர் தன் விடுதலைக்குப் பேசிய விலையில் பெரும்பகுதியைக் கட்டிவிட்டிருந்தவர். தினமும் தட்டு எடுத்து வைத்தவர் மறுநாள் இல்லை. அடிமைகளை அடைத்து வைத்துத் தெற்கே அனுப்பும் கொட்டடி ஒன்று சபைக் கட்டடத்தின் ஜன்னலிலிருந்தே தெரிந்தது. குதிரைக் கொட்டில் போல நடந்தது என்று 1854-ல் ஒரு பேச்சில் லிங்கன் வர்ணித்தார்.

‘இட’த் தீர்மானங்கள் என்பது என்ன?

இந்தத் தவணையின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

1845-ல் டெக்சஸ் அமெரிக்காவோடு இணைந்தது. அதன் தெற்கெல்லை நூயசஸ் ஆறு என்றது மெக்சிகோ, இன்னும் தெற்கே ரியோ கிராண்டே என்றது அமெரிக்கா. அதிபர் ஜேம்ஸ் போல்க் இரண்டு ஆறுகளுக்கும் இடைப்பட்ட நிலத்துக்குப் படையை அனுப்பினார். 1846 ஏப்ரலில் அங்கே மோதல். அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். நம் மண்ணில் நம் ரத்தம் சிந்தப்பட்டது என்று அதிபர் அறிவிக்க, போர் மூண்டது.

சபை கூடி மூன்று வாரம்கூட ஆகாத 1847 டிசம்பர் 22 அன்று, புது உறுப்பினர் லிங்கன் எட்டுக் கேள்விகள் கொண்ட தீர்மானங்களை முன்வைத்தார். சுருக்கம் இதுதான்: ரத்தம் சிந்திய அந்த இடம் எது?

கேள்விகளைப் படித்தால் எல்லைத் தகராறு வழக்கின் குறுக்கு விசாரணை காதில் விழுகிறது. அந்த இடம் ஸ்பெயினின் ஆட்சிக்குள் இருந்ததா? பிறகு ஸ்பெயினிடமிருந்து மெக்சிகோ பெற்ற பகுதிக்குள் இருந்ததா? அங்கே குடியிருந்தவர்கள் டெக்சஸின் தேர்தலில் எப்போதாவது வாக்களித்தார்களா? வரி கட்டினார்களா? ஜூரியாக உட்கார்ந்தார்களா? அவர்களுக்கு நீதிமன்ற சம்மன் சார்வு செய்யப்பட்டதா? நம் படை வருவதைப் பார்த்து அவர்கள் விளைந்துகொண்டிருந்த பயிரை விட்டுவிட்டு ஓடினார்களா இல்லையா? முதல் ரத்தம் அப்படி ஓடியவர் ஒருவரின் வேலிக்குள்ளேயே சிந்தியதா இல்லையா?

வேலிக்குள்ளே! வருடத்தில் பாதி நாள் வேலித் தகராறு கேட்டவருக்குத்தான் இந்தக் கேள்வி தோன்றும். ஆவணத்தில் பெயர் யாருடையது என்பதோடு நிற்கவில்லை, அனுபவத்தில் வைத்திருந்தது யார் என்றார். உரிமையை நிரூபிக்க வரி ரசீதும் சம்மனும் கேட்பது சுற்று நீதிமன்றத்தின் பாஷை. அதை அவர் அப்படியே நாட்டின் அதிபர்மேல் திருப்பினார்.

1848 ஜனவரி 3 அன்று, போர் தேவையின்றியும் அரசியல் சட்டத்துக்கு முரணாகவும் அதிபரால் தொடங்கப்பட்டது என்று சொல்லும் திருத்தம் 85-க்கு 81 என்று நிறைவேறியது. லிங்கன் ஆதரித்து வாக்களித்தார். ஜனவரி 12 அன்று நீண்ட உரை. அதிபரின் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்துப்போட்டுவிட்டு, கொதிக்கும் பரப்பின்மேல் விடப்பட்ட உயிர் கால் ஊன்ற இடமில்லாமல் துடிப்பதுபோல அவர் மனம் ஓடுகிறது என்றார்.

போல்க் பதில் சொல்லவில்லை. சபையும் அந்தத் தீர்மானங்களை விவாதத்துக்கு எடுக்கவில்லை. சாட்சிக் கூண்டுக்கு வராத சாட்சியை என்ன செய்வது? சம்மனை மதிக்காதவரை நீதிபதி இழுத்துவர முடியும். சபையில் அந்த அமீனா இல்லை.

போரை எதிர்த்தவர் படைச் செலவுக்கு வாக்களித்தாரே?

ஆமாம். தொடங்கியது தவறு என்பதால் களத்தில் நிற்பவனைப் பட்டினி போட முடியாது என்று பிரித்துப் பார்த்தார். ஊரில் அந்தப் பிரிவினை எடுபடவில்லை. எதிர்க்கட்சிப் பத்திரிகைகள் ‘இட லிங்கன்’ என்ற பொருளில் ‘ஸ்பாட்டி லிங்கன்’ என்று பட்டம் கட்டின. கூட்டாளி ஹெர்ண்டனே அதிபர் பக்கம் நியாயம் இருப்பதாக எழுதினார். படையெடுப்பைத் தடுக்க அவசியம் என்று ஓர் அதிபர் தானே தீர்மானித்து அண்டை நாட்டுக்குள் நுழையலாம் என்றால், அவர் நினைத்தபோதெல்லாம் போர் தொடுக்கலாம் என்றாகும் என்று 1848 பிப்ரவரியில் லிங்கன் பதில் எழுதினார். பத்து வருடம் கழித்து, 1858 செனட் தேர்தல் விவாதங்களில், எதிர்த்து நின்ற ஸ்டீபன் டக்ளஸ் இந்தப் பழைய கணக்கை மேடையில் எடுத்து நீட்டினார்.

சபையில் அன்றாடம் என்ன செய்தார்?

தபால் குழுவிலும் போர்த் துறைச் செலவுக் குழுவிலும் உறுப்பினர். முன்னாள் போஸ்ட்மாஸ்டருக்கு முதலாவது பொருத்தம்தான். மற்றபடி தொகுதிக் கடிதங்கள், சிபாரிசுகள், உரைகளை உறையிட்டு அனுப்புதல்.

1848 பிப்ரவரி 21 அன்று முன்னாள் அதிபரும் அப்போதைய உறுப்பினருமான ஜான் குவின்சி ஆடம்ஸ் சபையிலேயே சரிந்து விழுந்தார். இரண்டு நாளில் அந்தக் கட்டடத்திலேயே இறந்தார். இறுதிச் சடங்கு ஏற்பாட்டுக் குழுவில் லிங்கன் பெயரும் இருந்தது. அதே மாதம், ஜார்ஜியாவின் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் போரை எதிர்த்துப் பேசிய பேச்சைக் கேட்டு, என் வறண்ட கண்களில் இன்னும் நீர் நிற்கிறது என்று ஹெர்ண்டனுக்கு எழுதினார். 1861-ல் அந்த ஸ்டீபன்ஸ் பிரிந்துபோன தென்மாநிலக் கூட்டமைப்பின் துணை அதிபரானார்.

அடிமைமுறைக்கு எதிராக அந்தத் தவணையில் ஏதாவது செய்தாரா?

முயன்றார். 1849 ஜனவரி 10 அன்று, தலைநகர் வட்டாரத்தில் அடிமைமுறையைப் படிப்படியாக ஒழிக்கும் திட்டம் ஒன்றைப் படித்தார். 1850 தொடங்கிப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரமானவர்கள். விரும்பி விடுவிக்கும் உடைமையாளருக்கு முழு விலை. எல்லாவற்றுக்கும் அங்குள்ள வெள்ளையின ஆண்களின் வாக்கெடுப்பு. கூடவே, தப்பி வரும் அடிமைகளைப் பிடித்து ஒப்படைக்க வேண்டும் என்ற பிரிவும் இருந்தது. அந்தப் பிரிவுக்காக 1860-ல் ஒழிப்புவாதி வெண்டல் ஃபிலிப்ஸ் அவரை இல்லினாயின் அடிமை வேட்டை நாய் என்றார்.

நகரின் முக்கியஸ்தர்கள் பதினைந்து பேர்வரை இதைக் கண்டு ஆதரித்தார்கள் என்றார் லிங்கன். யார் அவர்கள், பெயரைச் சொல்லுங்கள் என்று பல குரல்கள் எழுந்தன. அவர் சொல்லவில்லை. எந்த இடம் என்று அதிபரைக் குடைந்தவரிடம் எந்த ஆட்கள் என்று சபை கேட்டபோது, பதில் இல்லை. ஆதரவாளர்கள் கைவிட்டார்கள், மசோதா முறையாகத் தாக்கலாகவே இல்லை. 1862 ஏப்ரல் 16 அன்று, தலைநகரின் அடிமைகளை ஈட்டுத்தொகையோடு விடுவிக்கும் சட்டத்தில் அதிபராக அவரே கையெழுத்திட்டார்.

இன்னொன்று. மெக்சிகோவிடம் பெறும் நிலத்தில் அடிமைமுறை கூடாது என்ற வில்மாட் நிபந்தனைக்கு நாற்பது தடவை வாக்களித்திருப்பேன் என்று பின்னாளில் சொன்னார். சபைப் பதிவை எண்ணியவர்களுக்கு ஐந்தாறுதான் கிடைத்தது. தேர்தல் மேடைக் கணக்கு.

பயணப்படி விவகாரம் என்ன?

உறுப்பினருக்கு நாளுக்கு 8 டாலர், பயணத்தில் 20 மைலுக்கு 8 டாலர். ‘வழக்கமாகப் பயணிக்கும் பாதை’ என்று சட்டம் சொன்னதால் எல்லோரும் சுற்றுப்பாதையையே வழக்கமாக்கிக்கொண்டார்கள். பத்திரிகையாசிரியர் ஹொரேஸ் கிரீலி சில மாதங்கள் உறுப்பினராக இருந்தபோது தபால் பாதையோடு ஒப்பிட்டுப் பெயர்வாரியாகப் பட்டியல் போட்டார். லிங்கன் கணக்கு எழுதியது ஒரு வழிக்கு 1,626 மைல், கிரீலியின் கணக்கில் 780. போகவர 676 டாலர் 80 சென்ட் கூடுதல். சக விக் கட்சிக்காரர் என்று கிரீலி அவரை விட்டுவைக்கவில்லை. சட்டத்தின் சொல்லுக்குள் நின்று அதிகம் பெறும் கலை எந்த வக்கீலுக்கும் தெரியும்.

ஏன் மறுபடி நிற்கவில்லை?

முறை முடிந்தது. அடுத்த முறை பழைய கூட்டாளி ஸ்டீபன் லோகனுக்கு. அவர் 1848-ல் மெக்சிகோ போரிலிருந்து திரும்பிய ஒருவரிடம் சொற்ப வாக்குகளில் தோற்றார். ‘இட’த் தீர்மானங்கள்தான் காரணம் என்று பலர் சொன்னார்கள், லோகன் மக்களைக் கவரும் பேச்சாளரும் இல்லை. பொது நில அலுவலக ஆணையர் பதவியை லிங்கன் கேட்டார், வேறொருவருக்குப் போயிற்று. தொலைதூர ஒரிகன் பிரதேசத்தின் ஆளுநர் பதவியைத் தருவதாகச் சொன்னார்கள், வேண்டாம் என்றுவிட்டார். சுற்று நீதிமன்றத்துக்குத் திரும்பினார். 1854-ல் கான்சஸ்-நெப்ராஸ்கா சட்டம் அடிமைமுறைக்குப் புதுக் கதவு திறந்தபோதுதான் அரசியல் அவரை மறுபடி இழுத்தது.

காப்புரிமை பெற்ற ஒரே அமெரிக்க அதிபர் என்பது சரியா?

சரி. எண் 6469, தேதி 1849 மே 22. மணல்திட்டில் சிக்கிய படகைக் காற்றுப் பைகளால் மிதக்கத் தூக்கும் ஏற்பாடு. 1848-ல் சபையிலிருந்து ஊர் திரும்பும் வழியில் சிக்கிய படகு ஒன்றைப் பார்த்ததில் எழுந்த யோசனை. யாரும் தயாரித்து விற்கவில்லை.

அந்த இடங்களை இன்று பார்க்க முடியுமா?

ஸ்பிரிங்ஃபீல்டில் அவர் வாங்கிய வீடு பாதுகாக்கப்படுகிறது. ஆனால் உறுப்பினராக இருந்த காலத்தில் அது இவ்வளவு உயரமில்லை. மாடி முழுமையாக எழுந்தது 1856-ல். பழைய பிரதிநிதிகள் சபை மண்டபம் இப்போது சிலை மண்டபம். எதிரொலி தாங்காத அந்த அறையில் லிங்கனின் மேஜை இருந்த இடத்தைத் தரையில் ஒரு வெண்கலத் தகடு காட்டுகிறது. ஸ்பிரிக் அம்மையாரின் விடுதி இடிபட்டுவிட்டது. அந்த வரிசை வீடுகள் இருந்த மனையில்தான் காங்கிரஸ் நூலகத்தின் பழைய கட்டடம் நிற்கிறது. லிங்கனின் கடிதங்களும் காகிதங்களும் இன்று அந்த நூலகத்தின் பொறுப்பில் இருக்கின்றன, தொப்பிக்குள் தங்கிவிடாமல் தப்பியவை மட்டும்.